மெல்லோட்டமும் உடலின் காலக்கணக்கும்

சென்னையின் பெசன்ட் நகர்க் கடற்கரையில் பொழுது புலர்கிறது. ஷ்மிட் நினைவுச்சின்னத்தருகே பழகிய ஓட்டக்காரர் சிலர் காற்றெனக் கடந்து செல்கின்றனர். அவர்க்கு வெகு பின்னே, நடையினும் சற்றே விரைந்து ஒருவர் வருகிறார். ஓடத் தொடங்கி மூன்று வாரமே ஆனவர். ‘இதுவும் ஓர் ஓட்டமா?’ என்னும் நாணம் அவர் முகத்தில் தெரிகிறது. அந்நாணத்திற்கு உடலியலில் இடமில்லை.

முதற்கண் ஆற்றற் கணக்கைக் காண்போம். சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். வேகம் கூடினும் குறையினும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டரை அரைமணியில் கடந்தாலும் முக்கால் மணியில் கடந்தாலும் செலவு ஏறத்தாழ 300 கிலோகலோரியே.

அவ்வாறாயின் நெடுந்தொலைவு விரைந்தோடும் திறன் எங்கிருந்து வருகிறது? உயிர்வளியைத் தசைக்குக் கொண்டுசேர்த்து அங்கே பயன்கொள்ளும் ஆற்றலிலிருந்து. அது படிப்படியாக எழும் கட்டடம். படிதோறும் காலம் வேறு. குருதி நீர்மம் சில நாள்களிலேயே பெருகும். இதயம் துடிப்பொன்றுக்குக் கூடுதற் குருதியைச் செலுத்தும். தசைக் கலங்களின் உலைக்களமாகிய இழைமணிகள் பெருகவோ வாரங்கள் வேண்டும். 1967இல் அமெரிக்க அறிவியலார் ஜான் ஹாலோசி, 12 வாரம் ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் உயிர்வளியைப் பயன்கொள்ளும் திறன் ஏறத்தாழ இருமடங்கானதைக் காட்டினார். எலும்போ இன்னும் பொறுமையுடையது. பழையதை அரித்தெடுத்துப் புதியதை நிரப்பும் ஒரு சுற்றுக்கே அது சில திங்கள் கொள்ளும்.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. மூச்சுச் சீரானதும் வேகத்தைக் கூட்ட மனம் விழையும். கணைக்கால் எலும்பு அதற்கு இன்னும் அணியமாகியிராது. வலியும், சிலபோது மயிரிழை முறிவும் இவ்வாறே நேர்கின்றன. முந்திவிட்ட இதயம், பிந்தி வரும் எலும்புக்காகக் காத்திருப்பதே மெல்லோட்டம்.

சென்னையில் மெல்ல ஓடுவதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஆவியாகாது சொட்டி வீழும் வியர்வையால் அப்பயன் இல்லை. கடலோர வைகறையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. மெல்ல ஓடுகையில் ஒவ்வொரு நிமிடமும் பிறக்கும் வெப்பம் குறைவாதலால், உடல் அதனைச் சமாளிக்கும்.

விடாது ஓடுவதன் பயனுக்கு இந்நகரிலேயே சான்று உண்டு. 2006 முதல் 2011 வரை இதன் மேயராக இருந்த மா. சுப்பிரமணியன், சாலை நேர்ச்சியில் முழங்காலில் அடிபட்டவர், நீரிழிவும் உடையவர். ஐம்பது அகவைக்குப்பின் ஓட்டத்தைத் தொடங்கி, 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானை நூறு முறைக்குமேல் நிறைவுசெய்துள்ளார். ‘ஓடலாம் வாங்க’ என நூலும் எழுதினார். அந்த நூற்றெண்ணிக்கை வேகத்தால் வந்ததன்று, விடாமையால் வந்தது.

தொடங்குவோர்க்கு இரண்டு அளவுகோல்கள் போதும். உடன் வருவோரிடம் முழுச் சொற்றொடராகப் பேச முடியுமாயின் வேகம் தக்கதே. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ தியாகராய நகர் நடேசன் பூங்காவிலோ, ஒரே பாதையை ஒரே வேகத்தில் ஓடி, இரு வாரத்திற்கு ஒருமுறை நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கலாம். வேகம் கூடாதிருக்கத் துடிப்பு மட்டும் குறைந்துவருமாயின், உள்ளே கட்டடம் எழுகிறது. கடிகாரம் காட்டாத அவ்வளர்ச்சியை மணிக்கட்டில் வைத்த விரல் அறியும்.