தேனீ வேலி

தேன் விற்று உழவர் சிறிது பொருள் ஈட்டலாம் என்பதை நாம் அறிவோம். அவருடைய விளைச்சலையும் தேனீக்களே காவல் காக்கும் என்றால் வியப்படைவோம். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில் இது நடைபெற்று வருகிறது.

அந்நாட்டின் தென்கிழக்கில் சாவோ கிழக்குத் தேசியப் பூங்கா என்னும் பெரிய வனப்பகுதி இருக்கிறது. அதை அடுத்துள்ள சகல்லாவில், மழையை நம்பி மக்காச்சோளமும் பயறு வகைகளும் பயிரிடும் சிறு உழவர்கள் வாழ்கின்றனர். கதிர் முற்றும் காலத்தில் யானைகள் வந்து புகுந்தால், ஒரு பருவத்தின் உழைப்பு ஓர் இரவில் அழிந்துவிடும். தீப்பந்தம் ஏந்தி விரட்டச் செல்பவரின் உயிருக்கும் உறுதியில்லை.

யானையின் தோல் தடித்ததாயினும், கண்ணோரமும் துதிக்கையின் உட்புறமும் மென்மையானவை. ஆகவே அது தேனீயின் கொடுக்குக்கு அஞ்சுகிறது. லூசி கிங் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும், பதிவு செய்த தேனீ இரைச்சலை ஒலிபெருக்கியில் யானைகளுக்குக் கேட்கச் செய்தனர். பெரும்பாலான யானைக் கூட்டங்கள் விரைந்து அகன்றதைக் கண்டு, 2007இல் அம்முடிவை வெளியிட்டனர்.

இதிலிருந்து பிறந்ததே தேனீ வேலி. வயலைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, 10 மீட்டருக்கு ஒன்றாகத் தேன்பெட்டியையும் வெறும் பலகையாலான போலிப்பெட்டியையும் மாறிமாறித் தொங்கவிடுகிறார்கள். அவற்றைக் கம்பியால் இணைக்கிறார்கள். இருளில் யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடும். தேனீக்கள் சினந்து வெளிப்படும்.

முற்காலத்தில் குடைந்த மரத்துண்டுகளை உயர்ந்த கிளைகளில் கட்டித் தேன் எடுத்தனர். மரமேறும் அவ்வேலை ஆடவருக்கே உரியதாயிருந்தது. வேலிப் பெட்டிகளோ கைக்கெட்டும் உயரத்தில் உள்ளமையால் பெண்களும் அப்பணியை மேற்கொள்ள இயலும். இதற்கெனத் தனி நிலம் வேண்டுவதில்லை. தேனும் மெழுகும் விலைபோகின்றன. மகரந்தச் சேர்க்கையால் பயிரும் பயன்பெறுகிறது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 2017இல் கடும் வறட்சி நேர்ந்தபோது பூக்கள் அருகின. பல பெட்டிகள் வெறுமையாயின. தேன் வருவாயும் குன்றியது. ஒன்பது ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு, பயிர் செழித்த பருவங்களில் வேலியை நெருங்கிய யானைகளில் 86 சதவீதம் வரை திரும்பிச் சென்றதாகக் கூறுகிறது. வறட்சி பெருகினால் இப்பாதுகாப்புக் குறையும் என்றும் அது எச்சரிக்கிறது.

கர்நாடகத்தில் வாழும் நம் அன்பர்களுக்கு இச்செய்தி முற்றும் புதிதன்று. காதி கிராமத் தொழில் ஆணையம் 2021இல் குடகு மாவட்டத்தில், யானைகள் வரும் வழியில் தேன்பெட்டிகளை வைத்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய முயற்சி எங்கு நடந்தாலும், பெட்டிகளை வழங்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. வறண்ட மாதங்களிலும் தேனீக்களுக்குப் பூவும் நீரும் கிடைக்க வழிசெய்ய வேண்டும். சகல்லா உழவர்களின் அனுபவம் நமக்குக் கற்பிப்பது இதுவே.