காணாமல் போன மயில் இஞ்சி

உங்கள் சமையலறையில் இஞ்சி இருக்கிறதா? ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். அங்கங்கே சின்ன முளைகளும் இருக்கும். பலர் இஞ்சியை வேர் என்று நினைக்கிறார்கள். அது வேர் இல்லை. மண்ணுக்குள் படுத்தபடி வளரும் தண்டு. செடி தன் உணவை அதில்தான் சேர்த்து வைக்கிறது. இதை நாம் கிழங்கு என்கிறோம்.

இஞ்சியின் குடும்பம் பெரியது. மஞ்சளும் ஏலக்காயும் அதே குடும்பம்தான். அழகுக்காக வளர்க்கும் இஞ்சிகளும் உண்டு. அவற்றில் ஒன்று ‘பீகாக் ஜிஞ்சர்’. நாம் மயில் இஞ்சி என்று சொல்லலாம். இலையில் மயில் தோகை மாதிரிக் கோலங்கள் இருக்கும். செடி ஒரு அடி உயரம்கூட வளராது. கோடையில் சின்ன ஊதாப் பூக்கள் பூக்கும். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் வேறு பூ வந்துவிடும். இது பார்க்கத்தான், சாப்பிட இல்லை!

எங்கே வைப்பது?

நாங்கள் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருக்கிறோம். இங்கே கோடை வெயில் கொளுத்தும். ஆனால் மயில் இஞ்சியின் சொந்த ஊர் தாய்லாந்து, மியான்மர் பக்கத்துக் காடுகள். அங்கே பெரிய மரங்களின் அடியில் அது வளர்கிறது. அதனால் மதிய வெயில் பட்டால் இலை சுருண்டு, ஓரம் கருகிவிடும். அதற்காக இருட்டிலும் வைக்க முடியாது. காலை வெயில் கொஞ்சம், பிறகு நிழல். இதுதான் பாதி நிழல்.

உங்கள் வீட்டில் பாதி நிழல் எங்கே இருக்கிறது? ஒரு சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை, ஒவ்வொரு மணிக்கும் ஒரே இடத்தைப் போய்ப் பாருங்கள். ‘வெயில்’ அல்லது ‘நிழல்’ என்று நோட்டில் எழுதுங்கள். காலையில் மட்டும் வெயில் என்று வந்தால், அதுதான் சரியான இடம்.

எப்படி நடுவது?

1. அடியில் ஓட்டை உள்ள தொட்டியை எடுங்கள். தண்ணீர் வடிய வேண்டும்.
2. மண்ணோடு மட்கிய உரத்தைக் கலந்து நிரப்புங்கள்.
3. வசந்த காலத்தில் கிழங்கை ஒரு அங்குல ஆழத்தில் படுக்க வையுங்கள். முளை மேலே பார்க்கட்டும்.
4. இலை வந்த பிறகு, மேல்மண் காயும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள்.

செடி எங்கே போச்சு?

நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். செடி வளர்க்க எனக்கு அவ்வளவாகத் தெரியாது. முதல் வருடம் இரண்டு தொட்டிகளில் மயில் இஞ்சி வைத்தோம். நவம்பரில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. கொஞ்ச நாளில் வெறும் மண்தான் இருந்தது.

“அப்பா, செடி செத்துப் போச்சா?” என்று என் மகள் கேட்டாள்.

“தண்ணி பத்தலைன்னு நினைக்கிறேன்” என்றேன். ஒரு தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இன்னொன்று கராஜ் மூலையில் கிடந்தது. அதை மறந்தே போனேன்.

பிப்ரவரியில் முதல் தொட்டியைத் தோண்டினோம். கிழங்கு கொழகொழவென்று அழுகியிருந்தது. ஒரே நாற்றம்! சரி, இரண்டாவதையும் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். அன்று அம்மாவிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். அம்மா ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர்.

“கொட்டிடாதடா! மஞ்சளும் அப்படித்தான். இலை காய்ஞ்சா கிழங்கு முத்திடுச்சுன்னு அர்த்தம். அப்பதான் தோண்டி எடுப்போம். உன் செடி தூங்குது. சும்மா விடு” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இலை இல்லாத செடி தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. மண் ஈரமாகவே இருந்தால் கிழங்குக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். முதல் செடி தாகத்தால் சாகவில்லை. நான் ஊற்றிய தண்ணீரால் செத்தது.

மார்ச் போனது. ஏப்ரல் போனது. மே மாதம் ஒரு காலை என் மகள் கத்தினாள். “அப்பா, சீக்கிரம் வாங்க! எழுந்திடுச்சு!” சுருட்டிய காகிதம் மாதிரி ஒரு பச்சை இலை மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது.

நீங்கள் டொராண்டோ, லண்டன் மாதிரிக் குளிர் ஊரில் இருந்தால், உறைபனி வருவதற்கு முன்பே தொட்டியை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். குளிர்காலம் முழுக்க மண் காய்ந்தே இருக்கட்டும். தொட்டியில் ‘தூங்குகிறது, தண்ணீர் வேண்டாம்’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

புதிய சொற்கள்
முளை – புதிய தண்டு கிளம்பும் இடம்
மட்கிய உரம் – இலை, காய்கறித் தோல் போன்றவை மட்கி உண்டாகும் உரம்
முத்துதல் – நன்றாக விளைதல்
உறைபனி – தண்ணீர் உறையும் அளவு குளிரில் படியும் பனி

பேசுவோம்
1. மயில் இஞ்சிக்கு மதிய வெயில் ஏன் ஆகாது?
2. முதல் தொட்டியில் இருந்த கிழங்கு ஏன் அழுகியது?
3. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவுக்குத் தெரிந்த செடி ஒன்றைப் பற்றிக் கேட்டு வந்து, வகுப்பில் சொல்லுங்கள்.