வெள்ளி ஒரிஜினல், வருஷம் டூப்ளிகேட்! ஆன்லைன் ஏலத்தில் பழைய நாணயம் வாங்குறீங்களா?

ராத்திரி பதினொன்றரை மணி. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஏலம் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. '1939, ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், ரேர்' என்று ஒரு போட்டோ. என் சித்தி பையன் 9,000 ரூபாய் வரை ஏற்றி, ஜெயித்தும்விட்டான். முதல் சம்பளக் காசு. "அக்கா, இதோட மார்க்கெட் ரேட்டே வேற. அடிச்சுது லக்கு"ன்னு அப்பவே போன்.

அஞ்சாவது நாள் கூரியர் வந்தது. யூடியூபில் சொன்ன எல்லா டெஸ்ட்டையும் செஞ்சான். காந்தம் ஒட்டவில்லை. சுண்டினால் 'டிங்' என்று இழுத்துக்கொண்டு ஒலித்தது. எடை 11.6 கிராம். தெருமுனை நகைக்கடைக்காரரும் உரசிப் பார்த்து, "நல்ல பழைய வெள்ளி தம்பி" என்று சொல்லிவிட்டார். எல்லாமே பாஸ். ஆனாலும் அது போலி!

எப்படி? அது 1938-ம் வருஷத்து ஒரிஜினல் ரூபாய். கடைசி 8-ன் கீழ் வளையத்தை இடது பக்கம் லேசாகச் சீவிவிட்டால் 9. அவ்வளவுதான் வேலை. பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 91.7 சதவிகிதம் வெள்ளி இருந்தது. 1940-ல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பழைய தரத்தில் வந்த கடைசி வருஷம் 1939. அதுவும் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் அந்த ஒரு எண்ணுக்கு இவ்வளவு மவுசு. நாம வெள்ளியைச் சோதிக்கிறோம். ஏமாற்றுகிறவர் கை வைத்ததோ வருஷத்தில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி அந்தக் காசிலேயே இருக்கிறது. 1939-ல் இரண்டு 9 இருக்கு இல்லையா? நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் வழியாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்க. வால் வளைவு, தடிமன், உயரம் ஒத்துப்போகணும். கடைசி 9-ஐச் சுற்றி மட்டும் கீறலோ, தனிப் பளபளப்போ, நிறமாற்றமோ தெரிந்தால் ஒதுங்கிடுங்க. போட்டோவில் அந்த இடம் மட்டும் மங்கலாக இருந்தாலும்தான்.

இதே மாதிரி இன்னொரு பிரபலம், 1911-ம் வருஷ 'பன்றி ரூபாய்'. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அணிந்திருந்த அங்கியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை சின்னதாக இருந்ததால், பார்த்தவர்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிய, எதிர்ப்பு கிளம்பியது. அரசு அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912-ல் தும்பிக்கையை ஒழுங்காகச் செதுக்கி வெளியிட்டது. ஆக, 1911 என்று போட்டிருக்கும் ரூபாயில் லட்சணமான தும்பிக்கையோடு யானை நின்றால், யாரோ 2-ஐ 1 ஆக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வருஷமும் டிசைனும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லணும். ஏலம் கேட்கிறதுக்கு முன்னாடி கேட்லாக்கைப் புரட்டச் சொல்வது இதுக்குத்தான்.

கேட்லாக் பார்த்தாலே காலியாகிற இன்னொரு கூட்டம் உண்டு. ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படங்களோடு 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1616', '1717', '1818' என்று சுற்றும் அணாக்கள். இவை போலிகூட இல்லை, ஏன்னா அப்படி ஒரு ஒரிஜினலே கிடையாது! கம்பெனி தன் பகுதிகள் முழுக்க ஒரே மாதிரி நாணயம் கொண்டுவந்ததே 1835-ல்தான். அதுக்கு முன்னாடி மாகாணத்துக்கு ஒரு காசு. நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்கு 1803, 1808-ல் செம்புக் காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சாகி வந்தன. அதில் இருந்தது கம்பெனி முத்திரை, ராமர் இல்லை. 'அரிசியை இழுக்கும்' என்று லட்சக்கணக்கில் விலை சொல்வதும் பெரும்பாலும் இந்த ராமர் காசு வகையறாதான்.

மூன்றாவது ரகம் வார்ப்பு. ஒரிஜினலில் அச்செடுத்து, வேறு உலோகத்தை உருக்கி ஊற்றியது. கரைந்த சோப்பு மாதிரி எழுத்துகள் மழுங்கியிருக்கும், ஊசிக்குத்து போல குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும். விளிம்பு வரிகளும் ஒழுங்காக இருக்காது. காந்தத்தை நம்பாதீங்க, பித்தளையும்தான் ஒட்டாது. எடை உதவும்: ரூபாய் என்றால் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். தேய்ந்தது கொஞ்சம் குறையலாம்.

சந்தேகம் தீரலையா? 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து பூஜ்யமாக்குங்க. நாணயத்தை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் முழுக்கினால் ஒரு எண் வரும். நாணயத்தின் எடையை அதால் வகுங்க. 91.7 சதவிகித வெள்ளி என்றால் 10.3-ஐ ஒட்டி வரணும். பித்தளை எட்டரையோடு நின்றுவிடும். ஸ்கூல்ல படிச்ச ஆர்க்கிமிடீஸ், ஒருவழியாக இப்போ காசைக் காப்பாத்துறார்.

சிக்கல் என்னன்னா, ஆன்லைன் ஏலத்தில் இதெல்லாம் காசு கைக்கு வந்த பிறகுதான் முடியும். அதுக்கு முன்னாடி இருப்பது போட்டோ மட்டும். அதனால் மூணு விஷயம் கேளுங்க: விளிம்பின் போட்டோ, தராசின் மேல் வைத்த போட்டோ, வருஷத்தின் க்ளோஸ்-அப். கையில் இருக்கிறவருக்கு ரெண்டு நிமிஷ வேலை. "டைம் இல்ல பாஸ், வேணும்னா எடுங்க" என்றால் பதில் கிடைச்சாச்சு. அவர் அனுப்பும் படத்தை கூகுள் லென்ஸில் போடுங்க, ஏதாவது பழைய ஏலத்திலிருந்து சுட்டதாக இருக்கலாம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. சான்றிதழோடு பிளாஸ்டிக் பெட்டியில் வந்தாலும், அந்த எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கணும். பெட்டியிலும் டூப்ளிகேட் உண்டு. ரிட்டர்ன் எடுப்பாரா என்பதை எழுத்தில் வாங்கிடுங்க. பார்சலைப் பிரிக்கும்போது கட் இல்லாமல் வீடியோ எடுங்க.

விற்கிறவர்களுக்கும் வலை இருக்கு. 'உங்க வைஷ்ணவ தேவி 5 ரூபாய்க்கு 10 லட்சம்' என்று ஆரம்பித்து, கமிஷன், வரி என்று கறப்பார்கள். தங்கள் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்திருக்கிறது.

சித்தி பையன் கதைக்கு வர்றேன். விற்றவர் குரூப்பைவிட்டே போய்விட்டார். சீவின காசு, உருக்கினால் பத்தரை கிராம் சொச்சம் வெள்ளி. அதை விற்காமல் பர்ஸிலேயே வைத்திருக்கிறான். நேத்து ராத்திரி மறுபடி மெசேஜ்: "அக்கா, ஒரு 1911 வந்திருக்கு. தும்பிக்கை தெரியிற மாதிரி போட்டோ கேட்டேன். ரெண்டு மணி நேரமா 'ஆன்லைன்'ல இருக்கார், இன்னும் அனுப்பலை."