பிலடெல்பியாவில் ஒரு ருஷ்யச் சித்திரக்காரர்

நெப்போலியனின் சேனை மாஸ்கோவை நோக்கி நடந்துகொண்டிருந்த 1812-ஆம் ஆண்டில், அந்த அமளிகளுக்கெல்லாம் ஒரு மகாசமுத்திரம் அப்பால், பிலடெல்பியா நகரத்து ருஷ்யத் தூதரகத்தில் காரியதரிசியாக இருந்த பாவெல் பெத்ரோவிச் ஸ்வினின் என்ற வாலிபர், உத்தியோகம் போக மிஞ்சிய பொழுதில் கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். சக்கரவர்த்தியும் திருச்சபையும் ஒன்றாய்க் கலந்து நின்ற தேசத்தில் பிறந்தவருக்கு, அரசாங்கத்துக்கென்று ஒரு மதம் இல்லாமலேயே, க்வேக்கர்களும் மொரேவியர்களும் மெதடிஸ்டுகளும் ஒரே நாட்டில் அவரவர் வழியில் ஈசுவரனைத் தொழுவது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பீட்டர்ஸ்பர்க் கலாசாலையில் சித்திரம் பயின்ற அவர் ஊர் திரும்பியபோது எடுத்துச் சென்ற நீர்வர்ணச் சித்திரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிசாலையில் இருக்கின்றன.

ஆர்ச் தெருவிலுள்ள க்வேக்கர் மண்டபத்தின் முன்னே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூடும் ஜனங்கள் ஒரு படத்தில். புயலுக்கு நடுவே நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் வேறொன்றில். இவற்றினும் என்னை நெடுநேரம் நிறுத்துவது, பிலடெல்பியாவின் சந்து ஒன்றில் நீக்ரோ மெதடிஸ்டுகள் நடத்தும் பிரார்த்தனைக் கூட்டம். கைகளை உயர்த்துவோரும் ஆவேசத்தில் தரையில் விழுவோருமாக, அந்தக் குறுகலான இடமே பக்தியில் கொந்தளிக்கிறது.

1815-இல் ருஷ்ய மொழியில் வெளியிட்ட யாத்திரை நூலில், கறுப்பு மக்களின் ஆராதனையைக் கண்ட அனுபவத்தை ஸ்வினின் எழுதும்போது, அவர்களது கீதம் தமக்குக் காது கூசும் கூச்சலாகவும் அச்சமூட்டும் ஓலமாகவும் இருந்ததென்றே சொல்கிறார். அடிமைத்தனத்தின் கொடுமையை அறிந்தவர்கள் ரிச்சர்ட் ஆலன் போன்ற கறுப்பினப் போதகர்களின் தலைமையில் தமக்கெனக் கட்டிக்கொண்ட ஆலயங்களில் அந்தக் குரல் எதனால் அவ்வளவு உரத்து எழுந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பண்ணையடிமைகள் நிறைந்த நாட்டிலிருந்து வந்தவர் இதைக் கேட்காதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சந்துப் படத்தைத் தீட்டியவர் ஸ்வினினே அல்லர் என்பது இக்கால ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. ஜெர்மனியிலிருந்து 1809-இல் பிலடெல்பியாவுக்கு வந்து, தெருக்களையும் சந்தைகளையும் வரைந்து, 1821-இல் நீரில் மூழ்கி அற்பாயுளில் மாண்ட ஜான் லூயிஸ் கிரிம்மலின் கைவண்ணம் என்றே அதையும் வேறு சில படங்களையும் கருதுகிறார்கள். ஸ்வினினோ கதை அளப்பவர் என்று சொந்த நாட்டிலேயே பேர் வாங்கியவர். புஷ்கினே அவரைப் பரிகாசம் செய்து எழுதியிருக்கிறார். ஆகவே படம் இரவலாக இருக்கலாம். நூலில் உள்ள அருவருப்பு மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.