ஈர விறகும் ஈரக் கண்களும்

ஐப்பசி மழை கொட்டுகிற நாளில், அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா வீடு ஒன்றில் புது நாட்டுப்பெண் அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால், காரணம் மாமியாரா, விறகா என்று யாராலும் சொல்ல முடியாது! அழுகிறவளுக்கு ஒரு விதத்தில் அது சௌகரியமாகக்கூட இருந்தது என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு.

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் நெல்லுக்குப் பஞ்சமில்லை, விறகுக்குத்தான் பஞ்சம். சுற்றிலும் வயலும் வாய்க்காலும். காடு ஏது? கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்கு, கொல்லையில் விழுந்த தென்னை மட்டை, பாளை, சுவரில் தட்டிக் காய வைத்த வரட்டி, ரைஸ் மில்லிலிருந்து வந்த உமி இவைதான் அடுப்புக்குத் தீனி. வைக்கோல் மாட்டுக்குப் போய்விடும். அடைமழை பிடித்துக்கொண்டால் இருக்கிற விறகும் நனைந்துவிடும். ஈர விறகு எரியும்போது உஷ்ணத்தில் ஒரு பகுதி அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. தீயின் சூடு தணிகிறது. எரிய வேண்டிய பொருள் எரியாமலே எழுந்து வருகிறதே, அதுதான் புகை. ஊதுகுழலை வைத்துக்கொண்டு ஊது ஊது என்று ஊதினதெல்லாம், எரியாமல் போனதை எரிய வைக்கத்தான்.

பழைய நாட்டு ஓட்டு வீடுகளில் கூரை இடுக்கு வழியாகவாவது கொஞ்சம் புகை போய்ச் சேர்ந்தது. தளம் போட்ட மெத்தை வீடுகளில் அந்த வழியும் அடைபட்டது. கௌரவம் கூடியது, கூடவே கரியும் கூடியது!

இந்தத் தொல்லைக்கு மாற்றுத் தேடியவர்களைப் பற்றிச் சொல்லும்போது தஞ்சாவூர் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். காந்தியப் பொருளாதார நிபுணர் ஜே. ஸி. குமரப்பா 1892-ல் பிறந்தது தஞ்சாவூரில்தான். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு அவர் காரியதரிசி. அந்தச் சங்கம் வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இயங்கியது. சுதந்திரம் வந்த சமயத்தில் அங்கே உருவானதுதான் ‘மகன் சூலா’ என்ற புகையில்லா அடுப்பு. 1953-ல் ஹைதராபாத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு என்ற எஞ்சினீயரும் ஒரு புகையில்லா அடுப்பைப் பிரபலப்படுத்தினார். தத்துவம் ரொம்ப எளிது. சூடான காற்று லேசானது; மேலே போகத்தான் பார்க்கும். அடுப்பை மூடினாற்போல் கட்டி, பின்னால் ஒரு குழாய் வைத்து, அதைக் கூரைக்கு மேலே நீட்டிவிட்டால் புகை தானே ஏறிப் போய்விடும்.

போகும்தான். ஆனால் குழாயில் கரி அடைத்தால்? 1980-களின் தொடக்கத்திலிருந்து சர்க்கார் நாடு முழுவதும் கோடிக்கணக்கில் புகையில்லா அடுப்புகளைக் கொடுத்தது. 2002-ஐ ஒட்டி அந்தத் திட்டம் நின்றது. பிற்பாடு ஒடிஸாவில் இதே மாதிரி அடுப்புகள் கொடுத்த கிராமங்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. அப்புறம் பழைய குருடி கதைதான். அடுப்பு விரிசல் விட்டது, குழாய் அடைத்தது, சுத்தம் செய்வாரில்லை. அடுப்பைக் கொடுத்தவர்கள் துடைப்பத்தை யார் எடுப்பது என்று யோசிக்கவில்லை என்பது என் கட்சி. ஏற்கெனவே பத்து வேலை செய்கிறவள் தலையில் பதினொன்றாவதாக விழுந்தது அந்த வேலை.

பிறகு காஸ் வந்தது. தமிழ்நாட்டு அரசு 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச காஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது; மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. அதில் இணைப்பு குடும்பத் தலைவியின் பெயரிலேயே என்பது நல்ல ஏற்பாடு. ஆனாலும் சிலிண்டர் விலையைப் பார்த்துவிட்டு, வெந்நீருக்கு மட்டும் கொல்லையில் மூன்று கல்லை வைத்து மட்டையைச் செருகுகிற வீடுகள் இன்றும் உண்டு.

காஸ் வந்ததால் உடம்புக்கு எவ்வளவு லாபம்? இதைக் கண்டுபிடிக்க நான்கு தேசங்களில் 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்களில் ஒன்று நம் நாகப்பட்டினம் ஜில்லா. இங்கே நடத்தியவர்கள் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு காஸும் இலவசம். மற்றவர்கள் வழக்கம் போல் விறகு. 2022-ல் முடிவு வந்தது. விறகுக்காரர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்தூசி. காஸ்காரர்களுக்குச் சுமார் 24. மூன்றில் ஒரு பங்கு! ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏன் என்று நிபுணர்கள் விவாதிக்கிறார்கள். காஸ் வந்தது கர்ப்பம் தரித்த பிறகுதான். பக்கத்து வீட்டு விறகுப் புகைக்கு வேலியும் கிடையாது. எப்படியானாலும், சமைக்கிறவளுடைய மூச்சு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்குக் குழந்தையின் எடை ஒன்றுதானா காரணம்? அவளுக்கும் நெஞ்சும் நுரையீரலும் இருக்கின்றனவே!

பட்டணத்து ஃபிளாட்டில் இருக்கும் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மிளகாய் தாளிக்கிற நெடியில் வீடே இருமுகிறதல்லவா? எக்ஸாஸ்ட் விசிறி இருந்தும் நெடி போகவில்லையென்றால், விசிறிக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விசிறி அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அடுப்பின் மேலிருக்கும் புகை அசையாது. அந்த ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பருகே பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். வெளியே குழாய் இல்லாத மின்சாரச் சிம்னியை நம்பி ஏமாறாதீர்கள். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை உங்கள் வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத புகைதான் அதிக ஆபத்து. பிள்ளை பெற்றவளின் அறையில் கதவைச் சாத்தி, கரிக் குமுட்டியில் சாம்பிராணி போடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கனிந்த கரியில் புகை வராது. கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். கொசுவத்திச் சுருளும் லேசுப்பட்டதல்ல. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. கொசு வலை எவ்வளவோ தேவலை.

புகையைப் பற்றிச் சொன்னதெல்லாம் காஸ் கசிவுக்குப் பொருந்தாது. புகை மேலே போகும். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். நாற்றம் வந்தால் விசிறி ஸ்விட்சில் கை வைக்காதீர்கள். ஒரு சின்னப் பொறி போதும். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் தரை வரை விரியத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு வெளியே வந்து நில்லுங்கள். அடுப்பில் இருக்கிற குழம்பு இருக்கட்டும்.