உப்பை வென்ற பயிர்

திருத்துறைப்பூண்டி வட்டாரம் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். ஆற்று நீர் இங்குக் கடைசியில் வந்து சேர்கிறது. கடலோ அண்மையில் உள்ளது. ஆற்றில் நீர் குன்றும்போது கடலின் உப்பு மெல்ல மெல்ல நிலத்தில் ஏறுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினக் கடற்கரை வயல்கள் பலவற்றை உவர் நிலமாக்கியது. வெள்ளம் வந்தால் மாடு மேட்டிற்கு ஓடும். பயிரோ நின்ற இடத்திலேயே நின்று உப்பை எதிர்த்தாக வேண்டும். அஃது எங்ஙனம் இயலும்?

பயிரின் உடல் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களினுள் உட்கரு உண்டு. அதனுள் மரபணுக்கள் உள்ளன. நெல்லுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அவை யாவும் எப்போதும் வேலை செய்வதில்லை. வேண்டியபோது வேண்டியவை மட்டுமே விழித்தெழும்.

உப்பு வேரைத் தீண்டிய செய்தியை உட்கருவிற்கு உணர்த்துவதில் பெரும்பங்கு கொள்வது கால்சியம். நம் எலும்பை உறுதியாக்கும் சுண்ணச்சத்து அதுவே. உயிரணுவின் உள்நீர்மத்தில் அது மிகக் குறைவு. வெளியே இருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உப்பு பட்டவுடன் உயிரணுவின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. மதகு திறந்த வாய்க்காலில் நீர் பாய்வதுபோலக் கால்சியம் நொடிப்பொழுதில் உள்ளே பாய்கிறது.

உள்ளே கால்மோடுலின் முதலிய புரதங்கள் காத்திருக்கின்றன. கால்சியம் பற்றியதும் அவற்றின் வடிவம் மாறுகிறது. உடனே அவை வேறு புரதங்களைத் தூண்டுகின்றன. அவற்றுள் சில, நஞ்சாகும் சோடியத்தை வெளியே இறைக்கின்றன. வேறு சில, உட்கருவினுள் உப்பைத் தாங்குவதற்குரிய மரபணுக்களை இயக்குகின்றன. பின்னர் உயிரணு, வந்த கால்சியத்தை மீண்டும் அப்புறப்படுத்துகிறது. மதகு மூடப்படாவிடில் வயல் அழுகும். அதுபோலவே கால்சியம் மிகுந்து நிலைத்தால் உயிரணு கெடும்.

குளிர், வறட்சி ஆகியவற்றையும் கால்சியமே அறிவிக்கிறது. ஆயின், அது பாயும் அளவும், நிற்கும் நேரமும், அதனை ஏற்கும் புரதமும் வேறுபடுவதால் செய்தி குழம்புவதில்லை. நம் மூளையிலும் நினைவு நிலைபெறுவதற்கு இதே கால்சியம் மரபணுக்களைத் தூண்டுகிறது.

உப்பைத் தாங்கும் ஆற்றல் விதைக்கு விதை வேறுபடும். குழியடிச்சான், களர்பாலை போன்ற நெல்வகைகள் அவ்வாற்றலுக்குப் பெயர் பெற்றவை. மரபணு என்னும் சொல்லையே அறியாத நம் முன்னோர், பயிரைக் கண்ணால் கண்டே அவற்றைத் தேர்ந்து காத்தனர். அவ்விதைகளை இழவாது போற்றுதல் நம் கடன்.