மூச்சுத் திணறும் மோட்டார் கார்!
வால்வு கெட்டதா, இல்லையா? மீட்டர் சொல்லிவிடும்

மேட்டில் ஏறும்போது கார் திணறுகிறது. சிக்னலில் நின்றால் என்ஜின் குலுங்கி அணைந்து விடுகிறது. பெட்ரோலும் முன்னைவிட அதிகமாகச் செலவாகிறது. டிரைவருக்கு எதிரே, என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது.

பட்டறைக்குக் கொண்டு போனால், "ஆயில் வால்வு போய்விட்டது. புதிது போட வேண்டும்" என்கிறார்கள்.

உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள்! அந்த வால்வு உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை ஒரு சிறிய மீட்டர் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

அது என்ன வால்வு? அதற்கு என்ன வேலை?

என்ஜின் விடும் மூச்சு

மனிதனைப் போலவே என்ஜினும் மூச்சு விடுகிறது. காற்றை உள்ளே இழுக்கிறது. எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. இதற்காக என்ஜினில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடுவது "கேம் ஷாப்ட்" என்ற இரும்புத் தண்டு.

என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று சுற்றினால், கேம் ஷாப்ட் அதில் பாதி, அதாவது 1,500 சுற்று சுற்றும். அப்போது ஒவ்வொரு கதவும் ஒரு விநாடியில் 25 தடவை திறந்து மூடும்!

நாம் நடக்கும்போது விடும் மூச்சு வேறு. ஓடும்போது விடும் மூச்சு வேறு. காருக்கும் அப்படித்தான். வேகத்துக்குத் தகுந்தபடி கதவு சற்று முன்னதாகவோ, பின்னதாகவோ திறக்க வேண்டும். பழைய கார்களில் அதற்கு வழி இல்லை.

1980-ம் ஆண்டில் இத்தாலி நாட்டின் ஆல்பா ரோமியோ கம்பெனி, இந்த நேரத்தை மாற்றும் கருவியைத் தன்னுடைய "ஸ்பைடர்" காரில் வைத்தது. பிறகு ஜப்பான் கம்பெனிகளும் இதே வழியில் இறங்கின. இன்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இப்படி ஒரு கருவி இருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

கேம் ஷாப்ட்டின் முனையில் ஒரு பல் சக்கரம் உண்டு. அதற்குள் ஆயில் பாய்ந்து, தண்டைச் சிறிது திருப்பும். ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று வழி திறந்து விடுவதுதான் ஆயில் வால்வு. கைக்குள் அடங்கிவிடும் கருவி அது.

அதற்குள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. காரில் உள்ள கம்ப்யூட்டர் அதற்கு மின்சாரம் அனுப்பும். உடனே சுருள் காந்தமாக மாறும். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு நகரும். ஆயில் பாயும். மின்சாரம் நின்றால், ஒரு ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

ஆகவே வால்வு இரண்டு வகையில் கெடலாம். சுருள் கெடலாம், அல்லது அழுக்கு அடைத்து இரும்புத் துண்டு சிக்கிக் கொள்ளலாம்.

முதல் சோதனை

மின்சாரத்துக்கு ஒரு கம்பி எவ்வளவு தடை செய்கிறது என்பதை "ஓம்" என்ற அளவால் சொல்வார்கள். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1827-ல் இதற்கான விதியை வெளியிட்டார். அவருடைய பெயரே அளவின் பெயர் ஆகிவிட்டது.

என்ஜினை நிறுத்தி, நன்றாக ஆற விடுங்கள். வால்வில் செருகியுள்ள பிளக்கைக் கழற்றுங்கள். மீட்டரை "ஓம்" அளவில் வைத்து, வால்வின் இரண்டு முனைகளிலும் மீட்டரின் ஊசிகளைத் தொடுங்கள்.

டொயோட்டா கரோலாவில் வந்த "1 இசட் இசட்" என்ஜினை எடுத்துக் கொள்வோம். 20 டிகிரி சூட்டில் அதன் வால்வு 6.9 ஓம் முதல் 7.9 ஓம் வரை காட்ட வேண்டும். மற்ற கார்களுக்கு அளவு மாறும். அந்தந்தக் காரின் ரிப்பேர் புத்தகத்தில் அது இருக்கும்.

மீட்டர் எண்ணே காட்டவில்லையா? சுருள் அறுந்துவிட்டது. அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா? கம்பிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. இது ஆபத்து! 12 வோல்ட் பாட்டரியில் 7 ஓம் சுருள் சுமார் 1.7 ஆம்பியர்தான் இழுக்கும். 1 ஓம் ஆகிவிட்டால் 12 ஆம்பியர் இழுக்கும். கம்ப்யூட்டரே பழுதாகலாம்.

என்ஜின் சூடாக இருந்தால் அளவு கூடும். 100 டிகிரியில் 7 ஓம் சுருள் 9 ஓமைத் தாண்டிவிடும். நல்ல வால்வைக் கெட்டது என்று தூக்கி எறிய இதுவே காரணம் ஆகிவிடும். ஆறவிடச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது சோதனை

சுருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. இரும்புத் துண்டு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வால்வைத் தனியே கழற்றி, 12 வோல்ட் மின்சாரத்தை ஒரு நொடி மட்டும் கொடுப்பார்கள். "டிக்" என்ற சத்தத்துடன் துண்டு நகர வேண்டும். நிறுத்தியதும் திரும்ப வேண்டும். நீண்ட நேரம் கொடுத்தால் சுருள் சூடாகிவிடும். பெட்ரோல் வாடை உள்ள இடத்தில் இதைச் செய்யவே கூடாது. அனுபவம் உள்ள மெக்கானிக்கைக் கொண்டு செய்வதே நல்லது.

குற்றவாளி யார்?

பட்டறையில் உள்ள ஸ்கேனர் கருவியும் துப்பு கொடுக்கும். "பி 0010" என்று காட்டினால், வால்வுக்குப் போகும் மின்சார வழியில் கோளாறு. சுருள், பிளக், ஒயர் மூன்றையும் பார்க்க வேண்டும். "பி 0011" என்றால் கேம் ஷாப்ட் இருக்க வேண்டிய இடத்தை விட்டு முன்னே போய்விட்டது என்று பொருள். அப்போது சுருள் நன்றாகவே இருக்கலாம்.

பல சமயங்களில் உண்மையான குற்றவாளி ஆயில்தான்! காலாகாலத்தில் ஆயில் மாற்றாவிட்டால் அது கசடாகிவிடும். வால்வுக்கு முன்னால் உள்ள மெல்லிய வலையை அடைத்துவிடும். புது வால்வு போட்டாலும் அதே கதிதான்.

அடுத்த தடவை யாராவது "வால்வு போய்விட்டது" என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: மீட்டர் எத்தனை ஓம் காட்டியது? மின்சாரம் கொடுத்தபோது வால்வு நகர்ந்ததா? ஆயிலும் வலையும் சுத்தமாக இருக்கின்றனவா?

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணப் பையைத் திறக்கலாம்.